துறைமுகமே கேட்ட உன் குரல்

இயேசு மரி சூசை துணை
மல்பே துறைமுகம், 2008

அன்புள்ள வியாகுலத்துக்கு, ததேயுஸ் என் கையாலேயே எழுதுவது. நான் நல்ல சுகம். உன் இருமல் குறைந்ததா?

போனை நீ அவசரமாக வைத்துவிடுகிறாய் என்றுதானே, ஆசைதீரப் பேசிப் பதிந்து அனுப்பச் சொன்னேன்? மகள் பிரிஜா ஈமெயிலில் அனுப்பியது நான் காவலிருக்கும் படகு ஆபீசுக்கு வந்தது. கம்ப்யூட்டரில் அமுக்கினேன். குரல் வரவில்லை, திரை நிறைய எழுத்து வந்தது. புதிதாக வாசிக்கப் படித்தவன் அல்லவா, மத்தியானம் முழுக்க எழுத்துக் கூட்டினேன். ஒரு சொல்லும் தேறவில்லை. இன்னும் படிக்காத பாடமாக்கும் என்று நினைத்தேன்.

இங்கே கணக்கெழுதும் ஷீஜா நம் பக்கத்து இராஜாக்கமங்கலத்துக்காரி. பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பாட்டா, இது குரல் ஃபைலு. இந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்ல எழுத்து வாசிக்கிற புரோகிராம்ல தொறக்கதுக்கு செட் பண்ணிப் போட்டிருக்கு."

பாட்டுப் போடும் புரோகிராமுக்கு மாற்றினாள். சத்தமில்லை. சத்த அளவை முழுக்க ஏற்றினாள். அப்போதும் இல்லை. படகுக்காரன் டெல்வின் வெளியிலிருந்து ஓடிவந்தான்.

"பாட்டா, பாட்டி வந்திருக்காவளா?"

புயல் எச்சரிக்கை சொல்ல இந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் வெளி ஒலிபெருக்கிக்குச் சத்தம் போயிருக்கிறது. "இஞ்ச பாரும்! முட்டுக்கு எண்ணெ தேய்க்கிறீரா? கிழிஞ்ச சாரத்த உடுத்திட்டு நிக்காதேயும்!" என்று துறைமுகம் முழுக்க நீதான். இப்போது துளு பேசுகிற இந்த ஊர்க்காரர்கள்கூட என் முழங்காலைக் காட்டிச் சாடையில் விசாரிக்கிறார்கள்.

ஷீஜா செட்டிங்கில் சத்தத்தை மேசை ஸ்பீக்கருக்குத் திருப்பினாள். மீதியை நான் மட்டும் கேட்டேன். கடைசியில் ஏதோ சொல்ல வந்தவள், "பிள்ள நிக்கா" என்று பக்கத்தில் நின்ற பிரிஜாவுக்கு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாய்.

ஒரு சாரமும் கொஞ்சம் கருப்பட்டியும் அனுப்பு. ஐஸ் வண்டி வந்துவிட்டது, கேட் திறக்க வேண்டும். நிறுத்தியதை எழுதி அனுப்பு. வாய்விட்டு வாசிக்க மாட்டேன்.

உன்
ததேயுஸ்