கட்டைவால் பூனைக்கு வந்த கட்டி

கோலசிலாங்கூர், மலேசியா,
ஆகஸ்ட் 1984

என் பிரியமுள்ள சுரையாவுக்கு, உன் பரீதின் ஸலாம். இறைவன் கிருபையால் நான் சுகம். நீயும் உம்மாவும் நம் மகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரு கட்டைவால் பூனை இருக்கிறது. போன மாதம் அதைத் தடவியபோது, மார்புக்கு அடியில் புளியங்கொட்டை போல ஏதோ விரலில் தட்டியது. அழுத்தினாலும் அது கத்தவில்லை. முதலாளி மீரான், "பூனைக்கெல்லாம் யார்லா டாக்டர்கிட்ட போவா?" என்று சிரித்தார். ஆனாலும் லீவு தந்தார்.

கூடையில் வைத்துக் கிள்ளானுக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். மிருக டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, "புத்துநோய்க் கட்டிதான். வலிக்கலன்னு விட்டுடாம, சின்னதா இருக்கறப்பவே கொண்டாந்தீங்களே" என்று சொல்லி, வெட்டி எடுத்தார்.

திரும்பும் வழியில், மயக்கத்திலேயே அது கால்களை அசைத்துக் கனவில் ஓடியது. ஜன்னலில் தென்னைகள் மிதந்தன. நானும் கண்ணயர்ந்தேன். மடியில் நம் மகள் தூங்குவதாகவும், பஸ் நம் தெருவுக்குள் திரும்புவதாகவும் இருந்தது.

இப்போது தையல் பிரித்தாயிற்று. பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒன்றாக எரிந்து அணையும். பூனையும் நானும் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. அப்புறம் சுரையா, மார்பில் சின்னதாக ஒரு கட்டி, வலியில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே. வெட்கப்படாதே. இதைப் படித்த கையோடு உம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. காட்டியதும் எனக்குத் தந்தி அடி. முதலாளி தபாலாபீசுக்குக் கிளம்பிவிட்டார், நிறுத்துகிறேன். போய் வா, சுரையா.

உன் பரீது