எதிரணிக்குப் பதினோரு எலுமிச்சை

மச்சான்,

இன்று மாலை பாய் கடையில் ஒரு தட்டு நிறையச் சின்ன எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து காற்பந்து பேச ஆரம்பித்தாலே பாய் சமையற்கட்டைப் பார்த்துக் கையைக் காட்டிவிடுகிறார். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. நீ கண்ணை மூடிய பிறகு தொடங்கியிருக்கும் முதல் லீக் இது.

நம் ஊர் அணிக்கு இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு கோல்கூட இல்லை. மேசையில் எவ்வளவு சத்தம் இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீசன் தொடங்கினால் நம் பெர்ஜுந்தாய் ஊரில் எல்லாரும் கோச்தான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டுகிற நானும் கோச், ரொட்டி தட்டுகிறவரும் கோச். என் கட்சி உனக்குத் தெரியும். பின்னாலிருந்து பந்தை ஓங்கி அடி, முன்னால் உயரமான ஒருத்தன் நிற்கட்டும், தலையால் முட்டட்டும். முப்பது வருடமாக இதையே சொல்லி உன்னிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் எல்லாரும் தேநீர்க் குவளைகளை வைத்து நம் ஆட்களைத்தான் முதலில் நிறுத்துவோம். நீ ஒருவன்தான் பாயிடம் பதினோரு எலுமிச்சை கேட்டு வாங்கி, எதிரணியை முதலில் நிறுத்துவாய். "அவன் எங்க நிப்பான்னு மொதல்ல பாரு லா. அப்புறம் நம்ம ஆள ஓட விடலாம்" என்பாய். பேச்சு முடிந்ததும் பதினோரு பேரையும் பிழிந்து எல்லாருக்கும் ஜூஸ் போடச் சொல்லிவிட்டு, எதிரணியைக் குடித்து முடித்தாயிற்று என்று எழுந்துபோவாய். பட்டறையில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற உனக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று நான் பல தடவை வாயைப் பிளந்திருக்கிறேன்.

ஆனால் நான் அசந்துபோனது அந்த ஒரு வருடம்தான். அப்போதும் இப்படித்தான், தொடக்கத்தில் மூன்று ஆட்டம், கோல் இல்லை. முன்னால் தனியாக நின்றவன் உன் மகன் கதிர். நான்காவது ஆட்டத்தைப் பார்க்க, மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது. கதிருக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. முன்னால் நிற்கிறவன் கோல் போட்டால்தான் அவர்கள் கண்ணில் படுவான். இது மேசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

தகவல் வந்த அன்று, என்ன செய்யலாம் என்று கேட்க அணியின் நிஜக் கோச்சும் நம் மேசைக்கு வந்திருந்தார். உன்னை வைத்துக்கொண்டு கதிரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. திடல் சரியில்லை, ரெஃப்ரீக்குக் கண் தெரியவில்லை என்று சுற்றிச் சுற்றி வந்தோம். நீ எலுமிச்சையை அடுக்கினாய். கோலுக்கு முன்னால் இரண்டு பழங்களை ஒட்டி வைத்து, அவற்றின் முன்னே உன் குவளையை வைத்தாய். அதுதான் கதிர்.

"இவன் இங்க நிக்கிற வரைக்கும் இந்த ரெண்டு பேருக்கும் வேலையே இல்ல. இவன பின்னால இழுங்க" என்று சொல்லிக் குவளையை நடுத்திடலுக்கு இழுத்தாய். "இப்ப இவனுங்க கூடவே வரணும். வந்தா பின்னால எடம் காலி. எடது பக்கம் ஓடுற பையன் உள்ள போவட்டும்." நீ விரலால் தள்ள, இரண்டு பழங்களும் குவளையின் பின்னாலேயே உருண்டு வந்தன.

நான் மேசைக்கு அடியில் உன் காலை மிதித்தேன். "டேய், ஆள் எடுக்க வர்றானுங்கடா. பின்னால தள்ளுனா அவன் எப்படி கோல் போடுவான்?"

"டீமுக்கு என்னா செய்யலாம்னுதானே கோச் கேட்டாரு" என்றாய்.

குவளையை இழுத்தபோது தேநீர் தளும்பி மேசையில் கோடாக வழிந்திருந்தது. பாய் துணி எடுத்து வருவதற்குள் கதிர் வந்துவிட்டான். ஃபேக்டரி உடுப்போடு நின்று மேசையைப் பார்த்தான். "இதுல நான் எதுப்பா?" என்று கேட்டான். நீ குவளையைக் காட்டினாய். அவன் வெளியே போய் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

நான்காவது ஆட்டத்தன்று கோலசிலாங்கூர் ஊர்த் திடலில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன், மச்சான். கதிர் பின்னால் இறங்கினான். அந்த இரண்டு பேரும் கயிறு கட்டி இழுத்த மாதிரி அவன் பின்னாலேயே வந்தார்கள். இடது பக்கத்துப் பையன் காலியான இடத்தில் புகுந்து கோல் போட்டான். இரண்டாவது பாதியில் மறுபடியும் அதேதான். எலுமிச்சை உருண்ட வழியை மனிதர்கள் ஓடிக் காட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், கை தட்டவில்லை. ஆள் எடுக்க வந்தவர்கள் அந்த இடது பக்கத்துப் பையனைக் கூப்பிட்டுப் பேர் எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கதிர் நேராகக் கடைக்கு வந்து உன் எதிரில் உட்கார்ந்தான். சண்டை வரப்போகிறது என்று நான் பயந்தேன். "அப்பா, ரெண்டு பேரும் என் பின்னாலயே வந்தானுங்க. நீங்க வச்ச மாதிரியேப்பா" என்றான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், வியப்புதான் இருந்தது. நீ தலையை ஆட்டினாய், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில், என் லோரியில் உட்கார்ந்துகொண்டு செம்பனை மரங்களைப் பார்த்தபடி சொன்னாய்: "மாநில டீமுக்கு அவன் போயிருக்கணும்டா." கொஞ்ச தூரம் போனதும், "இத அவங்கிட்ட சொல்லிப்புடாத" என்றாய். நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்தேதான் அந்தக் குவளையை இழுத்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பிள்ளையாக இருந்தால் நான் ஒரு அங்குலம்கூட நகர்த்தியிருக்க மாட்டேன். இன்றும் நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருடமும் நான்தான் சுமந்தேன்.

இப்போது கதிர்தான் கோச். இன்றைக்கு எங்கள் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே எலுமிச்சைகளை அடுக்கினான், எதிரணியை முதலில். எல்லாரும் எழுந்து போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். உன் சொல்லை மீறி, நீ லோரியில் சொன்னதை அவனிடம் சொல்லிவிட்டேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய்.

அவன் பழங்களைத் தட்டில் பொறுக்கிப் போட்டுக்கொண்டே, "தெரியும் மாமா" என்றான். "அன்னைக்கி நான் வந்தப்ப மேசையெல்லாம் தேத்தண்ணி. அப்பா கை எதையும் சிந்தாது."

நான் காப்பாற்றி வைத்திருந்ததை அவன் அன்றைக்கே மேசையில் பார்த்துவிட்டுத்தான் திடலுக்குப் போயிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் அந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறான். என் கையில் எலுமிச்சை வாசம் இன்னும் போகவில்லை, கழுவவும் மனம் வரவில்லை. உன் மகன்தான், மச்சான்.

இன்னமும் ஓங்கி அடிக்கிற கட்சியில் இருக்கும்
உன் மச்சான்