ஜாமீன் எடுக்காத வாரம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராகேல் அக்காவுக்கு,

யோசுவா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் அத்தானும் பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாயிருக்க வேண்டும். வாட்ஸாப்பில் எழுதினால் அத்தான் கண்ணில் படும். அதனால்தான் உன் ஆஸ்பத்திரி முகவரிக்குக் கடிதம். பாதியில் மடக்கி வைக்காதே.

வியாழக்கிழமை, காவல் சாவுகள் பற்றிய விசாரணையில் அம்மா பேசிவிட்டாள். அதற்கு முன்பே நீ போனில் அழுதாய். "மாமியார் வீட்டில் அப்பா மெடிக்கல் காலேஜில் மாரடைப்பில் இறந்ததாகச் சொல்லியிருக்கிறேன், டிவியில் வந்தால் என் கதி என்ன" என்றாய். அம்மா கேட்கவில்லை. எனக்குப் பெருமைதான். ஒளிக்க மாட்டேன்.

டாக்டர் ஸ்மிதாவின் குழுவுக்கு நான் கம்ப்யூட்டர் வேலை செய்வது உனக்குத் தெரியும். காவலில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு, காசநோய் உண்டு, தூக்குப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் 'மாரடைப்பு' என்று எழுதி மூடியவற்றில் பாதிக்கு மேல், ஆள் உள்ளே போன முதல் வாரத்துச் சாவுகள். எல்லாரும் தினமும் குடித்தவர்கள். குடி சட்டென்று நின்றால் கை நடுங்கும், இல்லாதது கண்ணில் தெரியும், வலிப்பு வரும். மருந்து கொடுத்தால் பிழைப்பார்கள். நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஜெயிலில் சுவரெல்லாம் எறும்பு என்று கத்தியதும், நடிக்கிறான் என்று கையைக் கட்டிப் போட்டார்கள் அல்லவா? அதே கதை வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

விசாரணையில் ஒரு ஜெயில் அதிகாரி சிரித்துக்கொண்டே, "இவரொக்கே குடிச்சுச் செத்ததல்லே" என்றார். நான் கிராஃபைக் காட்டி விளக்கினேன். ஒருத்தருக்கும் ஏறவில்லை. என் குரல் உயர்ந்தது. ஸ்மிதா மேடம் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அப்போதுதான் அம்மா, சபையில் சாட்சி சொல்ல எழுவதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"குடிச்சுச் சாகல்ல சாரே, குடி கிட்டாம செத்தாரு. ஜாமீனுக்கு ஆள் ரெடியா நிண்ணாரு. நான்தான் வேண்டாம், ஒரு வாரம் உள்ள கெடக்கட்டும், குடி மறக்கும்னு சொன்னேன். எனக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது? டாக்டர் உங்க கையிலல்லா இருந்தாரு?"

அதிகாரி அப்புறம் சிரிக்கவில்லை. இனி உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் கடைசியாக எப்போது குடித்தாய் என்று கேட்டு, அன்றே டாக்டரிடம் காட்டும்படி அறிக்கையில் எழுதப்போவதாக விசாரணைக் குழுத் தலைவர் அங்கேயே சொன்னார்.

திரும்பும் வழியில் பழவங்காடியில் அம்மா பழம்பொரி கேட்டு வாங்கித் தின்றாள். "ஞானையன் இருந்தா நாலு தின்னிருப்பாரு" என்றாள், நடுரோட்டில், சத்தமாக. அப்பா பெயரை அவள் வாயில் கேட்டு எத்தனை காலமாயிற்று!

இன்னொன்று. ஜாமீன் வேண்டாம் என்று முதலில் சொன்னது யார் என்று நம் மூவருக்கும் தெரியும். நீ அப்போது நர்சிங் முதல் வருஷம். இதெல்லாம் பாடத்தில் வந்திருக்காது. அம்மா அங்கே உன் பெயரை எடுக்கவில்லை. ஏன் என்று வீட்டில் கேட்டேன். "போடா, உன் ஜோலியப் பாரு" என்றாள்.

அத்தானிடம் சொல்லிவிடு என்பேன். ஆனால் அது உன் வீடு. அம்மாவை மட்டும் கூப்பிடு. வியாழனிலிருந்து போனைச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன் பேசினாய் என்று கேட்காதே, மன்னிப்பும் கேட்காதே. சாப்பிட்டியாம்மா என்று கேள், போதும்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. இந்த வரி அம்மா எழுதச் சொன்னது.

உன் தம்பி,
யோசுவா