ரயில் படி எட்டும், அக்கா

பிரிகாம் சிட்டி, யூட்டா
மே 23, 1869

பிரியமுள்ள போடில் அக்காவுக்கு, தங்கை கிர்ஸ்டினே அன்புடன் எழுதுவது.

நானும் லவுரிட்ஸும் பிள்ளைகளும் கடவுள் கிருபையால் சுகம். அம்மா போனபிறகு கடலுக்கு அந்தப் பக்கம், ஆல்போர்க்கில் நம் பழைய வீட்டில் நீ தனியாக என்ன சாப்பிடுகிறாயோ, விறகு யார் எடுத்துத் தருகிறார்களோ என்பதுதான் எனக்கு ஓயாத கவலை.

உன் கடிதம் ஏப்ரலில் கிடைத்தது. "காலு வெளங்காதவ அங்க வந்து உங்களுக்குப் பாரமா எதுக்கு? கூப்பிடாத" என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் சூட்டில் பதில் எழுதினால் ஏடாகூடமாக ஏதாவது எழுதிவிடுவேன் என்று பேசாமல் இருந்தேன். இப்போது எழுத நல்ல சேதி வந்துவிட்டது. ரயில் பாதை முடிந்துவிட்டது, அக்கா!

இந்த மாதம் பத்தாம் தேதி, கிழக்கேயிருந்து வந்த தண்டவாளமும் மேற்கேயிருந்து வந்த தண்டவாளமும் ப்ராமன்டரி மேட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. தந்தி வந்ததும் ஊரில் துப்பாக்கி சுட்டு ஆரவாரம் செய்தார்கள். லவுரிட்ஸ் குளிர்காலம் முழுக்க அந்த மேட்டில் பாறை உடைத்து, தண்டவாளம் பதிக்க மண்கரை போட்டார். எங்கே சந்திப்பது என்று இரண்டு கம்பெனிக்காரர்களும் பேசி முடிக்காமலே வேலையில் இறங்கியதால், ஒருவரையொருவர் தாண்டிப் போய்ப் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு கரை போட்டு வைத்தார்கள். இப்படியும் உண்டா! இவர் போட்ட கரைக்குத் தண்டவாளமே வரவில்லை. நான் கேலி செய்தால், "என் கரையில முயலாச்சும் சொகமா ஓடட்டும், விடுடி" என்கிறார். அடுத்த கரையில் வேலை செய்த சீனர்கள் குளிரில் இவருக்குச் சூடாக டீ கொடுத்ததை மட்டும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து என் மனமெல்லாம் வண்டியின் படிமேல்தான். உன் வலது முழங்கால் மடங்காதே, முதல் படி எட்டுமா? இவரைக் கேட்டால், "அதெல்லாம் ஏறிடலாம்" என்கிறார். ஆண்கள் பேச்சை நம்பி உன்னைக் கூப்பிட முடியுமா? வெண்ணெய் விற்கிற சாக்கில் இவரையும் இழுத்துக்கொண்டு ரயில் நிற்குமிடத்துக்குப் போனேன். உன் கால்போலவே மடங்காமல் இருக்க, என் வலது காலில் இரண்டு விறகுச் சிம்புகளை வைத்துச் சால்வையால் இறுகக் கட்டி, கையில் ஒரு தடியும் எடுத்துக்கொண்டேன். வண்டி நின்றதும் ஏறப் போனேன். இவர் என்னை யாரென்றே தெரியாதவர்போல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தடவை வெண்ணெய்க் கூடைமேலேயே விழுந்தேன். வண்டியில் வந்த அயர்லாந்துக்காரப் பணியாள் ஓடிவந்து, "ஏம்மா, காலு நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கட்டிவெச்சுக் கூத்தடிக்கிற?" என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டான். "தடிய மொதல்ல மேல போட்டுடணும். ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சு நல்ல கால வைக்கணும். இந்தத் தண்டவாளத்த இழுத்துப் போட்டவன்ல நானும் ஒருத்தன்தாம்மா. ஊர்லேர்ந்து எங்கம்மாவையும் ஒருநாள் இதுல ஏத்திடுவேன்" என்றான்.

அவன் சொன்னபடியே ஏறிவிட்டேன். பெஞ்சில் கட்டிய காலை நீட்டி உட்கார்ந்தும் பார்த்தேன். இடம் தாராளமாக இருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன். செருப்புத் தேய்ந்து, கால் புண்ணாகி நான் நடந்து வந்த அதே தூரத்தை நீ உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்றுகொண்டே கடந்துவிடலாம். இந்த வழியை வெட்டியவர்களில் எத்தனையோ பேர் வெடியிலும் பனியிலும் செத்தார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தினமும் ஜெபத்தில் அவர்களுக்குத்தான் முதலில் நன்றி சொல்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய நன்றியும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன், கைவண்டி இழுத்துக்கொண்டு நடந்துபோகும் நம் சபைக் கூட்டத்தில் நான் சேர்ந்தபோது, "அமெரிக்கா யாருக்கு வேணும்? அம்மாவ நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். வழியில் ஒருவன் நடக்க முடியாத தன் அண்ணனை வண்டியில் வைத்து இழுத்து வந்தான். மலையேற்றத்தில் அவன் பட்ட பாட்டைப் பார்த்த அன்றே, நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று புரிந்துவிட்டது. இந்த வீடு, இவர், பிள்ளைகள் எல்லாம் நீ சொன்ன அந்தப் பொய்யால் எனக்குக் கிடைத்தவை, அக்கா.

இந்த முறை உன்னை யாரும் இழுக்க வேண்டியதில்லை. அதனால் எனக்காக எதுவும் சொல்லாதே. உனக்கு வர ஆசை இருக்கிறதா என்று உன்னையே கேட்டுப் பார். இருந்தால் பதில்கூட எழுத வேண்டாம். கோடையில் அங்கிருந்து கப்பலேறும் நம் சபைக் கூட்டத்தோடு புறப்பட்டு வந்துவிடு.

கடவுள் உன் கூடவே இருப்பாராக.

உன் தங்கை,
கிர்ஸ்டினே