கொடியில் பதிந்த பெருவிரல்

கிடர்பூர்
20-8-1979

அன்புள்ள சுப்பம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? இது நானே எழுதும் கடிதம்! துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை, எழுத்து மெதுவாகத்தான் வருகிறது.

நேற்று முதியோர் வகுப்பில் விஜயா டீச்சர், "உங்களுக்கென்று ஒரு தேசியக் கொடி செய்யுங்கள்" என்றார். மூன்று பட்டை தீட்டினேன். நடுவில் அச்சுப் பதிக்க வெண்டைக்காய் வெட்டித் தந்தார். நீல மையைக் கண்டதும் என் பெருவிரல் தானாகப் போய்ப் பதிந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம்.

"அண்ணாச்சி, இங்கே யாரும் சம்பளம் தரலையே!" என்றான் பக்கத்திலிருந்த முத்தையா. ஒரே சிரிப்பு. பார்த்தால் அதுவும் சக்கரம் மாதிரிதான் இருந்தது. விட்டுவிட்டேன்.

கொடியை இத்துடன் வைத்திருக்கிறேன். பதில் எழுத ஆள் தேடாதே. என் ரேகைக்குப் பக்கத்தில் உன் பெருவிரலைப் பதித்துத் திருப்பி அனுப்பு, படுக்கைக்கு மேல் ஒட்டிக்கொள்கிறேன். என் முதுகுக்கு வலித் தைலமும் வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். கையெழுத்தைப் பார்:

வேதாச்சலம்