நீங்கள் சொன்ன இரண்டாம் பாதி

அக்கா,

நேற்று மதியம் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது டிவியில் நம்ம படம் ஆரம்பித்தது. பெரிய பட்டணம், அடைமழை, ஒரு மேம்பாலம். பேனாவை மூடிவிட்டு, அலமாரியிலிருந்து உங்கள் கைக்குட்டையை எடுத்துவந்து உட்கார்ந்தேன். தியேட்டர் ஏசி வாடை எனக்குக் குமட்டும் என்று கொலோன் தெளித்துக் கொடுப்பீர்களே, அது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மடிப்புக்குள் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

உங்களோடு எத்தனையோ படத்துக்கு வந்திருக்கிறேன். ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. நாலு மணி ஆட்டத்தில் இடைவேளை விட்டதும் எழுந்துவிடுவேன். ஆறு மணிக்கு வீட்டில் விளக்கேற்ற வேண்டும். அதை நான் யாரிடமும் விட்டதில்லை.

"உன் சாமி என்ன, ஆறு மணி ஷிப்டுக்கா வருது?" என்பீர்கள். "சரி, போ. என் போன்சுவாரையும் சொல்லிடு."

முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். அவருக்கும் உங்கள் பிரெஞ்சு மாலை வணக்கம், ஒரு போன்சுவார் கிடைக்கும்.

மிச்சப் படம் மறுநாள் காலையில் என் வாசலில் ஓடும். சர்ச்சில் பூசை முடிந்து, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, பையிலிருந்து ரொட்டி நீட்டிக்கொண்டிருக்க வருவீர்கள். நான் கோலம் போடப் போட, கதாநாயகன், வில்லன், அழுகிற அம்மா எல்லாம் நீங்களே. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வாங்குகிற வீட்டு அம்மா குண்டடி பட்டுச் சுவரில் சரிவதைப் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்.

இந்தப் படத்தில் நாலு பேர் கதை. லிப்ட் ஓட்டுகிறவர், செய்தி வாசிக்கிற பெண், கல்யாணச் சமையல்காரர், ஒரு அம்மா. ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனால் ஒருத்தர் மறந்து வைத்த குடை இன்னொருத்தர் தலைக்கு மேல் விரியும். அந்த அம்மாவுக்கு, சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு பேச்சு இல்லை. அன்றைக்குத் தியேட்டரில் இடைவேளை விட்டபோது, பாலத்தில் நின்றுபோன பஸ்ஸுக்குள் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என் மகளும் அப்போது அப்படித்தான் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் இருந்தாள். அவள் கூப்பிடட்டும் என்று நான். நான் கூப்பிடட்டும் என்று அவள். உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை நீங்கள்.

மறுநாள் காலை நீங்கள் செருப்பைக்கூட விடவில்லை, நானே கேட்டேன். "அந்த அம்மா என்னக்கா பண்ணுச்சு?"

"அதுவே போன் போட்டுடுச்சு. பொண்ணு எடுத்ததும் அழுவல, திட்டல. சாப்பிட்டியான்னு கேட்டுச்சு. அவ்ளோதான்."

"நெசமாவா?"

"பூசையில இருந்து நேரா வர்றேன். பொய் சொல்லுவேனா?"

கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியாடி?" என்றேன். அவள், "இன்னும் இல்லம்மா. நீ?"

வெளியே வந்து பார்த்தால், மிச்சக் கோலத்தை நீங்களே போட்டு முடித்திருந்தீர்கள். கோணல்மாணலாக. அன்றைக்கு அதை நான் திருத்தவில்லை.

நேற்று ஆறு மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா போன் போடவே இல்லை, அக்கா. போனைப் பைக்குள் வைத்து மூடிவிட்டு ஜன்னலில் சாய்ந்துகொண்டாள். பஸ்ஸை உரசிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் ஊர்ந்து போனது. அதற்குள் நர்ஸ் உடையில் அவள் மகள். இருவரும் பார்த்துக்கொள்ளாமலே பாலம் காலியானது. படம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் உங்கள் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தேன், அப்புறம் அழுதேன். ஜெபமாலையோடு நின்று என்னமாய்ச் சொன்னீர்கள்!

முகம் கழுவி, விளக்கேற்றி, தாமதத்துக்குச் சாமியிடம் உங்களைத்தான் காரணம் சொன்னேன். அதற்குள் போன். மகள்தான். தினமும் கேட்பதைக் கேட்டுவிட்டு, "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். படத்தைச் சொன்னேன்.

"அதை நானும் பாதிதாம்மா பாத்தேன். அந்தம்மா கடைசில என்ன பண்ணாங்க?"

விளக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், அக்கா.

"அதுவே போன் போட்டுடுச்சுடி" என்றேன்.