விழுந்தால் அங்கே விழணும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பாவுக்கு உடம்பு இப்போது தேவலை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

அன்று கடைத்தெருவில் மயங்கி விழுந்தவரை ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள் அல்லவா? அந்த பில் இப்போது நம் தலையில் வந்து விடிந்திருக்கிறது. அப்பா முன்னாள் ராணுவத்தினர் என்பதால் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் என்றுதான் நம்பியிருந்தோம். முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்தில் கேட்டால் குமாஸ்தா, "முன்கூட்டியே ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?" என்கிறார்.

"மயங்கப் போறோம்னு முன்கூட்டியே யாருக்குங்க தெரியும்?"

"அவசரம்னா சொல்ல வேண்டாம்மா. ஆனா அது அவசரமான்னு நாங்கதான் முடிவு பண்ணணும்."

பரீட்சை முடிந்த பிறகு பாடத்திட்டத்தைக் கொடுப்பதுபோல் இருந்தது. நான் வகுப்பில் இப்படிச் செய்திருந்தால் பிள்ளைகள் சும்மா விட்டிருப்பார்களா? மேல்முறையீடு செய்திருக்கிறேன். பதில் இல்லை.

அப்பா தினமும் காலையில் பஸ் ஏறி, ஊரின் மறுகோடியில் இருக்கும் ராணுவ மருத்துவமனைக்குப் போய், அதன் மதிலைச் சுற்றி நடக்கிறார். நம் தெருவிலேயே நடக்கலாமே என்றேன்.

"விழுந்தா அங்க விழணும்டி. அப்படியே கேட்டுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு பய பில் நீட்ட முடியாது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நேற்று அந்த மதிலுக்கு எதிரில் ஓர் அறையை வாடகைக்குப் பேசிவிட்டு வந்திருக்கிறார். ஒற்றைக் கட்டில்தான் கொள்ளுமாம். "நீ எதுக்கு அங்க? நீ என்ன பட்டாளத்துலயா இருந்தே? உனக்கு எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் ஒண்ணுதானே" என்கிறார்.

பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன். அவர் சட்டைகளை மட்டும் அடுக்குவதா, என் துணிகளையும் சேர்ப்பதா? நீயே சொல்லம்மா. ஞாயிற்றுக்கிழமை சாவி கைக்கு வந்துவிடும்.

குழப்பத்தோடு,
அம்மா